எங்கள் வீட்டுப் பெரட்டு

மலேசியாவில் கோடைக்காலம் எப்போது வரும்? தமிழ்நாட்டிலிருந்து வரும் வார இதழ்களில் 'கோடை விடுமுறை' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் சிறு வயதில் எனக்கு இந்தக் கேள்வி எழும். ஜனவரியிலும் வெயில், ஜூலையிலும் வெயில், சாயங்காலம் ஆனால் மழை. இப்படி ஒரு நாட்டில் கோடையை எங்கே போய்த் தேடுவது? ஒருநாள் பாட்டியிடமே கேட்டுவிட்டேன்.

"டுரியான் விழ ஆரம்பிச்சா அதான் கோடை. இதுல என்னா சந்தேகம்?" என்றார்.

பள்ளியில் படித்த புவியியலைவிட இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் உண்மையும் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் வட மாநிலங்களில் மழை குறைந்து, ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். அந்த வறட்சி சரியாக அமைந்தால்தான் டுரியான் மரம் பூக்கும். பூ மாலையில் விரியும். இரவில் வௌவால்கள் வந்து தேன் குடித்து மகரந்தத்தைப் பரப்பிவிட்டுப் போகும். விடிவதற்குள் இதழ்கள் தரையில் கொட்டிக் கிடக்கும். மூன்று நான்கு மாதம் கழித்துப் பழம் தானாகவே விழும். அதாவது, ஜூன் மாதத்தை ஒட்டி. பள்ளி விடுமுறையும் அதை ஒட்டியே வரும். மலேசியப் பள்ளி விடுமுறையும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் சில நாள்கள் இருக்கின்றனவே, அவைதாம் எங்கள் குடும்பத்தின் கோடைக்காலம். ஷா ஆலாம், ஈப்போ, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் அத்தனை பேரும் பாட்டி வீட்டில் கூடிவிடுவோம்.

பாட்டியின் வீடு கெடாவில், கூலிம் பட்டணத்தைத் தாண்டி இருக்கிறது. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தாத்தா தம்முடைய சேமநிதிப் பணத்தில் வாங்கிய அரை ஏக்கர் நிலம். அதில் மூன்று டுரியான் மரம், ஒரு மங்குஸ்தீன், வேலியோரம் ஒரு ரம்புத்தான். மூன்றுமே சாதாரணக் கம்பத்து டுரியான். கடைகளில் மூசாங் கிங் விற்கும் விலைக்கு எங்கள் பழத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மூன்று மரத்துக்கும் பெயர் உண்டு.

முதல் மரத்தின் பெயர் 'கிராணி'. பழம் பார்க்கப் பெரிதாக இருக்கும்; பிளந்தால் உள்ளே இரண்டோ மூன்றோ சுளை. இரண்டாவது 'கங்காணி'. முள் அவ்வளவு கூர்மை; யார் தலை, எவர் தலை என்று பாராமல் விழும். மூன்றாவது 'மாமியார்'. முதல் வாய் கசக்கும். பழகிவிட்டால் விட முடியாது. இந்தப் பெயர்களை வைத்தவர் பாட்டியேதான். அவருடைய மருமகள்கள் மூன்று பேரும் விடிந்ததும் முதலில் போய் நிற்பது மாமியார் மரத்தடியில் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

நிற்பது என்றால் சும்மா நிற்க முடியாது. தலைக்கவசம் அணிந்துகொண்டுதான் மரத்தடிக்குப் போக வேண்டும் என்பது சின்ன மாமா போட்ட சட்டம். பின்வாசல் சுவரில் வரிசையாக ஏழு மோட்டார் தலைக்கவசங்கள் தொங்கும். ஓடுகிற மோட்டார் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. காலை ஆறு மணிக்குக் கைலியும் சட்டையும் தலைக்கவசமுமாக, கையில் சாக்குப் பையோடு எங்கள் பாட்டி தோட்டத்துக்குள் நடந்து போகும் காட்சியைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்.

பழம் தின்ற பிறகு அதன் தோலின் குழியிலேயே தண்ணீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். பிறகு ஆளுக்கு நாலு மங்குஸ்தீன். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி. இரண்டும் ஒரே காலத்தில் பழுப்பதைப் பாட்டி 'சாமி போட்ட கணக்கு' என்பார். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில கோணல்கள் இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அவை வேடிக்கையாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டுக் கோணல்களை எனக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் என் கணவர்தான்.

முதல் கோணல், விடியற்காலை. விடுமுறை நாளானாலும் எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு மேல் யாரும் படுத்திருக்க மாட்டார்கள். பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போக வேண்டும். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். தோட்டத்தை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பாட்டி வெட்டிய மரங்கள் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. ஆனால் ஈப்போவில் கணக்காய்வாளராக இருக்கும் பெரிய மாமா இன்றைக்கும் அலாரம் இல்லாமல் நாலே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்களை எழுப்புவார்.

பாட்டிக்கு இதில் ஒரு தீராத வழக்கும் இருக்கிறது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகச் செய்த மாற்றம் அது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. "அன்னிக்கு எடுத்துக்கிட்ட அரை மணி நேரத் தூக்கத்த இன்னிக்கு வரைக்கும் எனக்குத் திருப்பிக் குடுக்கல" என்று எந்தத் தேர்தல் வந்தாலும் பாட்டி சொல்லிவிடுவார். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்த ஒருவரிடமே கேட்டிருக்கிறார். அவர் குறித்துக்கொண்டு போனார்.

இரண்டாவது கோணல், சத்தம். எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, அறிவிக்கிறோம். "உப்பு எங்க?" என்று கேட்டால் பக்கத்து வீட்டு ஆச்சி உப்பு ஜாடியோடு வேலிக்கு வந்துவிடுவார். 2008-இல் கல்யாணம் பேசி முடித்த பிறகு என் கணவர் முதன்முறையாக இங்கே வந்தார். அவர் மெல்லப் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டில் கரண்டி கீழே விழுந்தால் அதுதான் அன்றைய செய்தி. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர் அடுப்படியிலிருந்து வந்த கூச்சலைக் கேட்டு முகம் வெளுத்துப்போய், "சொத்துத் தகராறா? நான் வேணும்னா இன்னொரு நாள் வரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். உள்ளே என் அம்மாவும் பெரியம்மாவும் மீன் குழம்புக்கு வெண்டைக்காய் போடலாமா, கத்தரிக்காய் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. தாத்தா தோட்டத்து ரப்பர் ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். ஒட்டுப்பாலை அரைத்துத் தாளாக்கும் உருளை இயந்திரங்களின் பக்கத்திலேயே அவருக்கு வேலை. காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்ளாத காலம் அது. நாற்பத்தைந்து வயதிலேயே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் ஆறு பேரும் தொண்டையைத் திறந்து பேசிப் பழகினார்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் பழகினோம். எங்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகள். தாத்தா 2001-இல் காலமாகிவிட்டார். அவரைப் பார்த்தே இராத அவருடைய பேரன் ஒருவன், நூலகத்தில் சத்தமாகப் பேசியதற்காக ஆசிரியையிடம் குறிப்பு வாங்கிக்கொண்டு வருகிறான். யாருக்காகக் கத்துகிறோம் என்று தெரியாமலே கத்திக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது கோணல்தான் எங்கள் வீட்டின் தனி முத்திரை. எங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது.

அம்மா பிள்ளையாக இருந்த காலம். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குப் போக வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ஃபெர்ரி ஏற வேண்டும். தைப்பூசக் கூட்டத்தில் ஆறு பிள்ளைகளையும் தொலைக்காமல் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர, காது கேளாத தாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டத்துப் பெரட்டைப் போலவே குடும்பத்துக்கும் ஒரு பெரட்டு. தாம் ஒன்று, பாட்டி இரண்டு, மூத்த மகளான பெரியம்மா மூன்று, அம்மா நான்கு என்று சின்ன மாமா எட்டு வரை. ஃபெர்ரியில் ஏறுமுன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, கோயில் வாசலில் ஒருமுறை வரிசையாகச் சொல்ல வேண்டும். தாத்தாவுக்குக் கேட்காது என்பதால், சொல்லும்போதே விரலையும் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் முகத்தையும் விரலையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வருவார்.

பிறகு கல்யாணங்கள் நடந்தன. பெரியப்பாவுக்கு 9, அப்பாவுக்கு 10. குடும்பத்துக்குள் வந்த வரிசைப்படி எண் ஏறிக்கொண்டே போனது. நான் 13. கணவருக்குத் தாலி கட்டிய அன்றைக்கே 26 கொடுக்கப்பட்டது. "டுரியானுக்கே டி197, டி24-னு நம்பர் குடுத்திருக்காங்க. மாப்பிள்ளைக்குக் குடுத்தா என்னா?" என்று பாட்டி சமாதானம் சொன்னார். மூசாங் கிங் பழத்தின் பதிவு எண்தான் டி197. அது 1993-இல் கொடுக்கப்பட்டது. என் கணவர் தம்மைவிட விலையுயர்ந்த ஒன்றோடு ஒப்பிடப்பட்டதில் மனம் தேறினார்.

இப்போது மொத்தம் 31. விரைவுச்சாலை ஓய்வுத் தலத்தில் வண்டி எடுக்குமுன், கோயிலைவிட்டுக் கிளம்புமுன், கல்யாண மண்டபத்தில்கூட எங்கள் பெரட்டு நடக்கும். வராதவர்களின் எண் வரும்போது மற்றவர்கள் சேர்ந்து "லீவு!" என்று சொல்வோம். தாத்தாவின் எண்ணுக்கு மட்டும் யாரும் லீவு சொல்வதில்லை. பாட்டி தொடங்கும்போது "ஒண்ணு" என்று தாத்தாவுக்காகச் சொல்வார். ஒரு மூச்சு விட்டு, "ரெண்டு" என்று தமக்காகச் சொல்வார். பிறகுதான் பெரியம்மா. எண்கள் பத்தைத் தாண்டியதும் விரல் காட்டும் வழக்கம் நின்றுபோனது. பத்து விரல்தானே இருக்கிறது? தாத்தாவும் இல்லை. சத்தம் மட்டும் மிச்சமாக இருந்தது.

கடந்த ஜூனில் கூடியபோது 24 பேர் வந்திருந்தோம். பாட்டிக்கு இப்போது 86 வயது. நடையில் தளர்ச்சி இல்லை, நினைவிலும் இல்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கேட்டதற்குப் பதில் வராது. அல்லது சம்பந்தமில்லாத பதில் வரும். "பாட்டி, சீனி போதுமா?" என்றால், "சனிக்கிழமதான் கெளம்புறீங்களா?" என்பார். ஆனால் இரவில் கூடத்தில் எல்லாரும் பாய் விரித்துப் படுத்து, பழம் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது, "தொப்" என்றதும் முதலில் சொல்வது பாட்டிதான். "கங்காணி. வேலிப் பக்கம்." காலையில் போய்ப் பார்த்தால் வேலிப் பக்கத்தில் கங்காணிப் பழம் கிடக்கும்.

"அம்மாவுக்கு வேண்டியது மட்டும் கேக்கும்" என்று சின்ன மாமா தீர்ப்பு எழுதிவிட்டார். எல்லாரும் சிரித்தோம். சிரிக்காத ஒரே ஆள் 31.

31 என்பது என் அக்காவின் மகள். பெரியம்மாவின் பேத்தி, பாட்டியின் கொள்ளுப்பேத்தி. ஐந்து வயது. சிங்கப்பூரில் பாலர் பள்ளிக்குப் போகிறாள். அறைக்குள் மெல்லப் பேச வேண்டும் என்று அங்கே அழகாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் அழகாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கிளிக்குஞ்சு மாதிரி மெல்லிய குரல். இரண்டு நாளாகப் பாட்டியின் பின்னாலேயே போய் எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் இரவு அவள் என்னிடம் வந்து, "சித்தி, பெரிய பாட்டிக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். நான் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லை என்றேன். ஏன் என்பதை அவளுக்குச் சொல்ல எனக்கும் அப்போது தெரியவில்லை.

மறுநாள் சுங்கை செடிம் ஆற்றுக்குப் போனோம். கூலிம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். மலையிலிருந்து பாறை பாறையாக இறங்கி வரும் குளிர்ந்த நீர். நாசி லெமாக் பொட்டலங்கள், அவித்த முட்டை, இரண்டு கூடை மங்குஸ்தீன் எல்லாம் கரையில் பாய் விரித்து வைத்தாயிற்று. பிள்ளைகள் தண்ணீரில். எங்களுக்கு மேலே வெயில். ஆனால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் கவனித்தவர் நடு மாமா. தெளிந்திருந்த தண்ணீர் கலங்கலாக மாற, காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. மலையில் பெய்த மழை திடீரென்று மொத்தமாக இறங்கி வருவதை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள். மலை ஆற்றில் குளிக்கிறவர்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சொல் அது. கலங்கலைப் பார்த்தால் யோசிக்கக் கூடாது; ஏறிவிட வேண்டும்.

நடு மாமா அறிவித்தார். எங்கள் வீட்டுச் சத்தம் உபயோகப்பட்ட நேரம் அது. எங்கள் பிள்ளைகள் மட்டுமல்ல, அக்கரையில் இருந்த மூன்று குடும்பங்களும் ஏறிவிட்டன. பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்ததும் பெரட்டு தொடங்கியது. "ஒண்ணு... ரெண்டு." மூன்று, நான்கு, லீவு, ஆறு என்று மளமளவென்று போனது. முப்பது வரை வந்தது. பிறகு அமைதி.

"முப்பத்தொண்ணு?" என்றார் பாட்டி.

ஆற்றின் இரைச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

"முப்பத்தொண்ணு எங்க? புள்ள எங்க?"

அவள் பாட்டியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே, அவருக்குச் சற்றுப் பின்னால்தான் நின்றிருந்தாள். "முப்பத்தொன்று" என்று சொன்னாள். திரும்பவும் சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது அழுதுவிட்டாள். பாட்டிக்கு எதுவும் கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு அவர் ஆற்றை நோக்கி இறங்கத் தொடங்கினார். 86 வயதுக் கிழவி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. என் கணவர் ஓடிப்போய் முன்னால் நின்று, இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தி, பாட்டியின் முகத்துக்கு நேராகத் தம்முடைய கனத்த குரலில் மெதுவாகச் சொன்னார்: "பாட்டி. இருக்கா. உங்க பின்னால இருக்கா."

பாட்டி திரும்பினார். அவளைப் பார்த்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் பாய் விரித்திருந்த இடத்துக்கு மேல் பழுப்புத் தண்ணீர் ஓடியது. வண்டியில் திரும்பி வரும்போது ஒருவரும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அது முதன்முறை.

அன்றிரவு பெரிய மாமா ஒரு முடிவோடு உட்கார்ந்தார். இனி இந்த வயதில் அம்மா தனியாக இருக்க வேண்டாம். ஈப்போவுக்குக் கூட்டிப் போய்விடலாம். வீட்டை வாடகைக்கு விடலாம். கூடுவதென்றால் ஹோட்டலில் கூடிக்கொள்ளலாம். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஹோட்டல்களின் வாசலில் டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கும் பலகை எனக்கு நினைவுக்கு வந்தது.

மாமா பாட்டியிடம் உரக்கச் சொன்னார். "அம்மா! எங்கூட வந்துருங்க! பதினாலாவது மாடி! நல்ல காத்து!"

இது பாட்டிக்குக் கேட்டுவிட்டது. "பதினாலாவது மாடியில என்னா விழும்?" என்றார்.

யாரிடமும் பதில் இல்லை. முதலில் காதைப் பார்ப்போம், வீட்டைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

இரண்டு நாள் கழித்துப் பாட்டியைப் பட்டணத்தில் ஒரு செவிப்புலன் நிலையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே இருந்த மலாய்ப் பெண் பாட்டியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, ஒரு தாளில் வரைந்து காட்டினாள். முதுமையில் காது மந்தமாகும்போது முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். கனத்த ஒலிகள் அதிக நாள் தங்கியிருக்கும். அதனால்தான் டுரியான் விழுவது கேட்கிறது, குழந்தையின் குரல் கேட்பதில்லை. பேச்சிலும் அப்படித்தான். உயிரெழுத்தின் ஓசை காதில் விழும். ச, த, ப போன்ற எழுத்துகள் நழுவிவிடும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. சீனி சனியானது இப்படித்தான். பாட்டிக்கு வேண்டியது மட்டும் கேட்கவில்லை. கேட்கிற அளவுதான் கேட்டிருக்கிறது. சின்ன மாமா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்க இன்னும் சத்தமா பேசணுமா?" என்று பெரிய மாமா கேட்டார். அவர் கேட்ட சத்தத்திலேயே அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வேண்டாம் என்றாள். கத்தினால் சொல் இன்னும் சிதையும். முகத்துக்கு நேராக வந்து, வெளிச்சத்தில் நின்று, தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, மெதுவாக, கொஞ்சம் கனத்த குரலில் பேசுங்கள் என்றாள்.

எல்லாரும் திரும்பி என் கணவரைப் பார்த்தோம். கத்தத் தெரியாதவர் என்று இத்தனை வருடமாகக் குடும்பத்தில் கேலி செய்யப்பட்ட மனிதர், கூட வந்தவர்களுக்குச் சாயா வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்தார்.

மிச்சமிருந்த நாள்களில் வீட்டில் நடந்தவற்றை முழுதாக எழுத ஒரு மலர் போதாது. சாவதானமாகப் பேசுவதற்கு 26 பயிற்சி கொடுத்தார். பெரியம்மா மெதுவாகப் பேச முயன்றபோது என்ன சொல்ல வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோனது. அம்மா கைச்சாடையில் இறங்கி, வெந்தயம் கேட்டு வெங்காயம் வாங்கினார். சின்ன மாமா பாட்டியின் எதிரில் போய் நின்று, முகத்தோடு முகம் வைத்து, "அம்... மா... சாப்... பிட்... டீங்... களா?" என்று கேட்டார். பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு என்னாடா ஆச்சு? வாய் கோணிக்கிச்சா?" என்றார்.

விரலை நினைவுபடுத்தியவரும் பாட்டிதான். மாமியார் மரத்தடியில் உட்கார்ந்து பழம் பிளந்துகொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: "ஒங்க தாத்தாவுக்கு நீங்க கத்துனதா கேட்டுச்சு? வெரல பாத்துதான் எண்ணுவாரு. கத்துனது ஒங்க சந்தோசத்துக்கு." அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் அத்தனை வருடம்? "அவருக்கும் சந்தோசந்தான். நீங்க வாயத் தொறக்குறது தெரியுமில்ல" என்றார் பாட்டி.

பத்து விரல் தடையை 31 தீர்த்து வைத்தாள். பாட்டியின் எதிரில் போய் நின்று, இடது கையில் மூன்று விரல், வலது கையில் ஒரு விரல் காட்டினாள். மூன்று, ஒன்று: முப்பத்தொன்று. தலையைக் குனிந்து, சித்தப்பா சொல்லிக் கொடுத்தபடி, தவளை மாதிரிக் கனத்த குரலை வரவழைத்துக்கொண்டு, "முப்பத்தொன்று!" என்றாள். பாட்டிக்குக் கேட்டது. "முப்பத்தொண்ணு, வா, வாயத் தொற" என்று பெரிய சுளையாக ஒன்றை எடுத்து ஊட்டினார். அவளுக்கு அதுவரை டுரியான் பிடிக்காது. கசந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இரண்டாவது சுளைக்கு வாயைத் திறந்தாள்.

பாட்டிக்கு இப்போது காதுக் கருவி இருக்கிறது. முதல் நாள் மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தவர் பாதியில் நின்று, "என் செருப்புக்கு இவ்ளோ சத்தமா?" என்று கேட்டார். பல்லியின் சத்தம், குழாய் சொட்டும் சத்தம் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. பகலில் ஓரிரு மணி நேரம் மாட்டிக்கொள்கிறார். எல்லாரும் வீட்டில் இருக்கும்போது கழற்றி வைத்துவிடுகிறார். "நீங்க இருக்கும்போது இது தேவையில்ல. வெரல காட்டுங்க, போதும்." இரவில் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து துணைக்குப் படுத்துக்கொள்கிறார். பெரிய மாமா மாதம் இரண்டு முறை ஈப்போவிலிருந்து வருகிறார். ஹோட்டல் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

ஒருவருக்காகக் கத்தப் பழகிய குடும்பம், இன்னொருவருக்காக மெல்லப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறது. இது எவ்வளவு நாள் தாங்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நேற்றுப் புலனக் காணொலி அழைப்பில் பேசியபோதுகூட என் கைப்பேசியின் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆனால் அழைப்பு முடியுமுன் திரையில் இருந்த கட்டங்களில் எல்லாரும் விரலைத் தூக்கினார்கள். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத் தலையாட்டினார், தாத்தா ஃபெர்ரித் துறையில் தலையாட்டியதாக அம்மா சொல்வாரே, அதே மாதிரி.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு கோணல் இருக்கும். காரணம் தெரியாமல் எல்லாரும் அதைச் செய்துகொண்டிருப்பீர்கள். அடுத்த முறை கூடும்போது, அது யாருக்காகத் தொடங்கியது என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நேராக முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேளுங்கள்.

எங்களுக்கு டிசம்பரில் 32 வரப்போகிறது. அதற்கு எந்தக் கையில் எத்தனை விரல் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை 31 இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டாள்.